தகரத்துக்குக் கீழே ஓர் ஏசி

சித்திரை வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள் பதுளையிலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். கட்டாரில் வேலை செய்யும் மகன் பணம் அனுப்பியிருக்கிறான். சக்கரம் வைத்த ஏசி ஒன்றை வாங்கி முன் காம்பராவில் (அறையில்) வைக்கச் சொல்கிறானாம். "செவத்துல ஓட்ட போடத் தேவையில்லையாம், ப்ளக்க குத்துனா போதுமாம். வாங்கலாமாப்பா?"

"வெளிய எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"கொய்யா மரத்தடியில காத்து நல்லாத்தான் வருது. உள்ளுக்குள்ளதான் குந்த முடியல."

பாதி விடையை அவரே சொல்லிவிட்டார். மீதிக்குத்தான் கொஞ்சம் பௌதிகம் வேண்டும்.

ஏசி பார்ப்பது சுமை தூக்கும் வேலை. வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டும். ஊசி போடும் முன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லிடுகிறதல்லவா? ஆவியாகிற ஸ்பிரிட் அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஏசியின் உள்சுருளிலும் இப்படித்தான் ஒரு திரவம் ஆவியாகிறது. ஆர்-32, புரொப்பேன் போன்றவை அந்தத் திரவங்கள். சாதாரண அமுக்கத்தில் புரொப்பேன் -42 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆவியானதைக் கம்பிரசர் நெருக்கிப் பிழியும்போது அது சூடாகும். அடுத்த சுருளில் அந்தச் சூட்டை இறக்கி வைத்துவிட்டு மறுபடி திரவமாகும்.

சுவரில் பொருத்தும் ஏசியில் அந்தச் சூட்டுச் சுருளும் கம்பிரசரும் வீட்டுக்கு வெளியே நிற்கின்றன. சக்கர ஏசியில் எல்லாமே ஒரே பெட்டிக்குள், நாம் படுக்கும் அறைக்குள். சூட்டை வெளியேற்ற யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய் ஜன்னலுக்குப் போகும். டவுனில் ஒரு கடையில் அந்தக் குழாயை அலுமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு முன்னால் நின்றவருக்குச் சுகம்தான். கடைக்கு மொத்தத்தில் ஒரு ஹீட்டர் போட்டிருந்தார்கள்.

குழாயை ஒழுங்காக ஜன்னலில் மாட்டினாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. அது ஊதித் தள்ளுவது அறைக்குள் இருந்த காற்றையேதான். மணிக்கு 300 கனமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 10க்கு 12 அடி லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்), 8 அடி உயரத்துக்கு, இருப்பதே 27 கனமீற்றர் காற்று. அப்படியானால் மணிக்குப் பதினொரு தடவை அறை காலியாகி நிரம்புகிறது. நிரப்ப வரும் காற்று எது? கதவிடுக்கால் வருவது கொஞ்சம். மீதி, கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து வழியே, வெந்த தகரத்தின் அடியைத் தடவிக்கொண்டு இறங்கும் காற்று. அது அறையைவிட 10 பாகை சூடாக இருந்தால் ஏறக்குறைய 1 கிலோவாட் வெப்பம் உள்ளே வருகிறது. பின்பக்கம் விறகடுப்பு எரிந்தால் புகையும், அதோடு மணமே இல்லாத காபனோரொட்சைட்டு நச்சு வாயுவும் இழுபட்டு வரக்கூடும். எனக்குப் பயம் தருவது கரண்ட் பில்லைவிட இதுதான்.

பெட்டியில் ஒட்டியிருக்கும் 12,000 பீ.டி.யூ. (ஒரு மணி நேரத்தில் அள்ளும் வெப்பத்தின் அளவு) என்பது 3.5 கிலோவாட். 'ஒரு டன் ஏசி' என்று கடைக்காரர் சொல்வதும் இதையே. 2,000 இறாத்தல் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை எடுக்குமோ அவ்வளவு. ஐஸ் கட்டியால் குளிரூட்டிய காலத்துக் கணக்கு. அமெரிக்காவில் மேலே சொன்ன, சூட்டுக் காற்று உள்ளே நுழையும் ஒழுக்கையும் சேர்த்துப் பார்க்கும் புதிய அளவீடு வந்தபோது, பழைய கணக்கில் 14,000 என்று விற்ற பெட்டிகள் 10,000க்கும் அதற்குக் கீழேயும் இறங்கின. வெளிக்காற்றை இழுக்கத் தனிக் குழாய் வைத்த, இரட்டைக் குழாய் ஏசிகளில் இந்த ஒழுக்குக் குறைவு. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதைத் தேடுங்கள். ஒற்றைக் குழாய்ப் பெட்டியில் 12,000 என்று போட்டிருந்தால், காம்பராவில் நம் கைக்கு வருவது 2 கிலோவாட் சொச்சம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனித் தகரம். பழுப்பேறி, அடியில் புகைக்கரி படிந்த தகரம் நடுப்பகலில் 60 பாகைக்குக் குறையாமல் கொதிக்கும். அந்தச் சூட்டில் ஒவ்வொரு சதுர மீற்றரும் 700 வாட் அளவுக்கு வெப்பக் கதிரைக் கீழே வீசுகிறது. 35 பாகையில் இருக்கும் கட்டிலும் பாயும் ஆளும் திருப்பி வீசுவது 510 வாட் அளவு. வித்தியாசம் 190. காம்பராவின் கூரை 11 சதுர மீற்றர். பெருக்கிப் பாருங்கள்: 2 கிலோவாட்! ஏசி அள்ளுவதும் அவ்வளவுதான். பகல் முழுக்க அது தகரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும், யாரும் ஜெயிக்க மாட்டார்கள். மின்விசிறி போட்டும் தலை மட்டும் கொதிக்கிறது என்று சொல்வதும் இதனால்தான். விசிறி காற்றைத்தான் அசைக்கும், கதிரை அசைக்காது.

இந்தக் கதிரைத் தடுப்பது மலிவான வேலை. தகரத்தின் மேல் வெள்ளைப் பூச்சு. அடியில் ஓர் இடைவெளி விட்டுப் பளபளப்பான அலுமினியத் தாள், அதற்குக் கீழே சீலிங். அந்தத் தாள் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் 95 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் தகரத்தோடு ஒட்டி அடித்தால் பயனில்லை. பளபளப்புப் பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். சீலிங் அடிக்கும் பாஸ்மாரிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

கட்டாரில் இருக்கும் தம்பியைக் குறை சொல்ல முடியாது. அங்கே கோடையில் வெளிக்காற்றே 40 பாகைக்கு மேல். ஜன்னலைத் திறந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி. நமக்கு மலை இருக்கிறது. 1,000 மீற்றர் ஏறினால் சராசரியாக 6.5 பாகை குறையும். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் ஏசி விற்கப் போகிறவருக்குத் தைரியம் வேண்டும். ஹற்றன், பண்டாரவளையிலும் சூடு வெளியில் இல்லை, கூரையில் இருக்கிறது. 500 மீற்றர் அளவிலுள்ள கண்டியும், இன்னும் கீழேயுள்ள மாத்தளையும் வேறு கதை. மார்ச், ஏப்ரலில் அங்கே நிழலிலேயே 32 பாகையைத் தொடும்.

அங்கே கொங்கிரீட் சிலப் கூரை போட்ட வீடாக இருந்தால் நிலைமை இன்னும் கெடும். தகரம் பொழுது சாய்ந்தவுடன் ஆறிவிடும். தெளிந்த இரவில் வானத்துக்கு வெப்பத்தை வீசி, காற்றைவிடக் குளிர்ந்து, விடியற்காலையில் உள்பக்கமாகச் சொட்டும். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொட்டு தெரியும். கொங்கிரீட் சிலப் அப்படியல்ல. பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவு பத்து மணிக்கு மேலும் தலைக்கு நேரே இறக்கிக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் படுக்கையறைக்கு ஏசி நியாயம்தான். வாடகை வீடு, சுவரைத் தொட விடமாட்டார்கள் என்றால் சக்கர ஏசி. சொந்த வீடு என்றால் சுவர் ஏசியே மேல்.

சிலர் ஏர் கூலரைக் காட்டி அதுவும் ஏசிதான் என்பார்கள். அது ஈரத் தட்டி வழியே காற்றை ஊதுகிறது, அவ்வளவே. 1 லீற்றர் தண்ணீர் ஆவியானால் 2,400 கிலோயூல் வெப்பம் காற்றிலிருந்து குறையும் என்பது உண்மை. ஆனால் காற்று காய்ந்திருக்க வேண்டும். இதை அளக்கும் வித்தை நம் ஸ்டோரிலேயே (தேயிலைத் தொழிற்சாலையிலேயே) இருக்கிறது: கொழுந்து வாட்டும் இடத்தில் இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத்துணி. இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் கொழுந்து சீக்கிரம் வாடும். கூலருக்கும் அதே சட்டம். 8 பாகை வித்தியாசம் இருந்தால் 6 பாகை வரை இறக்கும். 2 பாகை என்றால் ஈரமூட்டத்தைத் தவிர ஒன்றும் கிடைக்காது. தென்மேல் பருவக்காற்று ஹற்றன் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் காய்ந்து இறங்கும் ஜூலை, ஆகஸ்டில் பதுளையில் கூலர் வேலை செய்யும். அப்போதும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

கரண்ட் கணக்கையும் பெரியம்மாவிடம் சொன்னேன். 1.3 கிலோவாட் ஏசி பகலில் 6 மணி நேரம் ஓடினால் மாதம் 234 அலகு. 180 அலகு தாண்டினாலே பில் மேல்படிக்குப் போய்விடும். அத்தோடு 230 வோல்ட்டில் அது இழுப்பது 5.7 அம்பியர், பழைய 5 அம்பியர் ப்ளக்கில் குத்தினால் சூடேறி உருகக்கூடும்.

இரண்டு வெப்பமானி வாங்கி, ஒன்றைக் காம்பராவிலும் ஒன்றைக் கொய்யா நிழலிலும் தொங்கவிடச் சொன்னேன். மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு அழைப்பு வந்தது. உள்ளே 37. வெளியே 29.

"ராத்திரிக்கு?" என்று கேட்டேன்.

"ராத்திரிக்குக் கம்பளி போத்திக்கிட்டுத்தான்டா படுக்கிறேன்."