நமுத்தது, ஊசியது, காலாவதியானது

போன வாரம் சமையலறை அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது பின்வரிசையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் கிடைத்தது. பிரிக்காத பொட்டலம். அதில் அச்சிட்டிருந்த தேதி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. யோசிக்காமல் குப்பைக்கூடையில் போட்டேன். அதே கையோடு ஃபிரிட்ஜையும் பார்த்தேன். சூடாக்காமல் அப்படியே சாப்பிடலாம் என்று சமைத்து அடைத்து விற்கும் இறைச்சித் துண்டுகள் இருந்தன. பத்து நாளைக்கு முன்பு பிரித்து, பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியை மடித்து வைத்தது. தேதி முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. சரி, இருக்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டேன்.

இரண்டுமே தவறான முடிவுகள். நல்ல உணவைத் தூக்கிப் போட்டேன், ஆபத்தானதை எடுத்து வைத்தேன். அந்தத் தேதி எதைப் பற்றிச் சொல்கிறது, எதைப் பற்றிச் சொல்லவே இல்லை என்று தெரியாவிட்டால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

உணவு கெடுவதற்குத் தமிழில் எத்தனை சொற்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிஸ்கட் நமுத்துப்போகும். எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். பால் திரியும். மாவு புளிக்கும். சமைத்தது ஊசிப்போகும். ரொட்டியில் பூசணம் பூக்கும். பழம் அழுகும். இவை ஒவ்வொன்றும் தனித்தனி நிகழ்ச்சி, ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஆனால் பொட்டலத்தின் மேல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு தேதி.

நமுத்தலை முதலில் எடுத்துக்கொள்வோம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி பிஸ்கட் மொறுமொறுப்பை இழக்கிறது. நாக்குக்கு அது பிடிக்காது, உடம்புக்கு ஒன்றும் ஆகாது. பாக்டீரியா வளர நீர் வேண்டும். உணவில் வேறு எதுவும் பிடித்து வைத்திருக்காத, அது எடுத்துக்கொள்ளக் கூடிய நீர் வேண்டும். இதை உணவு அறிவியலில் நீர்ச் செயல்திறன் என்கிறார்கள். 0 முதல் 1 வரை உள்ள அளவுகோல் அது. தூய நீருக்கு 1. பால், பச்சை இறைச்சி போன்றவை 0.97-க்கு மேல். 0.85-க்குக் கீழே போய்விட்டால் நோய் தரும் பாக்டீரியா எதுவும் பெருகாது. 0.6-க்குக் கீழே பூஞ்சையும் வளராது. பிரிக்காத பிஸ்கட் இந்த எல்லைக்கெல்லாம் வெகு கீழே இருக்கிறது. உப்பு, சர்க்கரை, உலர்ந்த பருப்பு, பாஸ்தா எல்லாம் இந்தக் கூட்டம்தான். தேன் இன்னும் சுவாரசியமானது. அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீர் இருந்தும், சர்க்கரை அந்த நீரை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால் கிருமிக்கு எதுவும் கிடைப்பதில்லை.

சிக்கு வாடை வேறு கதை. எண்ணெயிலும் கொட்டைகளிலும் பொரித்த பண்டங்களிலும் உள்ள கொழுப்பை ஆக்சிஜன் தாக்குகிறது. ஒரு மூலக்கூறு உடைந்தால் அது அடுத்ததை உடைக்கிறது, சங்கிலி மாதிரி நீண்டுகொண்டே போகிறது. வெளிச்சமும் சூடும் அதை விரைவுபடுத்தும். இப்படி உடையும்போது பிறக்கும் ஆல்டிஹைடு என்ற பொருள்கள்தான் அந்தப் பழைய பெயின்ட் போன்ற வாடை. சிப்ஸ் பொட்டலம் உப்பலாக இருப்பதற்குக் காரணமே ஆக்சிஜனை விரட்டிவிட்டு நைட்ரஜனை அடைத்திருப்பதுதான். லேசாகச் சிக்கு வாடை அடித்ததை ஒரு முறை சாப்பிட்டுவிட்டால் உணவு நஞ்சாகும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் நான் அதைச் சாப்பிட மாட்டேன். வைட்டமின் ஈ போய்விட்டது, சுவையும் இல்லை.

இந்த வகை உணவுகளுக்குத் தேதி எப்படிக் கிடைக்கிறது? தயாரிப்பாளர் பொட்டலங்களைச் சேமித்து வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் பிரித்துச் சோதிக்கிறார். சுவையில், மணத்தில், மொறுமொறுப்பில் எப்போது வேறுபாடு தெரிய ஆரம்பிக்கிறது என்று பார்க்கிறார். அதிலிருந்து முன்னெச்சரிக்கையாகக் கொஞ்ச நாளைக் கழித்துக்கொண்டு தேதி போடுகிறார். ஒன்றரை ஆண்டு தாங்கும் பொருளுக்கு ஒன்றரை ஆண்டு காத்திருக்க முடியாதல்லவா? அதனால் கூடுதல் வெப்பத்தில் வைத்துக் கணக்கிடுவதும் உண்டு. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் பல வேதிவினைகள் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் நடக்கும் என்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை. அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்த எண்ணெய்க்கும் அதே கணக்கு பொருந்தும். புட்டியில் என்ன தேதி இருந்தாலும் அது சீக்கிரமாகவே சிக்கெடுக்கும்.

இப்படிப் போடும் தேதிக்குப் பெயர் 'பெஸ்ட் பிஃபோர்'. அதுவரை நல்ல தரத்தில் இருக்கும் என்பது மட்டும்தான் அதன் பொருள். சீக்கிரம் கெடும் உணவுகளில் 'யூஸ் பை' என்று இருக்கும். அது பாதுகாப்பைப் பற்றியது, அந்த நாளுக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. பச்சை இறைச்சி, மீன், சமைத்துக் குளிரூட்டிய உணவுகள் இதில் வரும். எல்லா நாடுகளிலும் சொற்கள் ஒன்றுபோல இல்லை. சில இடங்களில் இரண்டுக்கும் 'எக்ஸ்பைரி' என்றே போட்டுவிடுகிறார்கள். அதனால் தேதியைப் பார்ப்பதற்கு முன் அதன் பக்கத்தில் இருக்கும் சொல்லைப் படிக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் இல்லாமல் வீணாகும் உணவு கொஞ்சநஞ்சமல்ல. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீட்டின்படி 2022-இல் உலகம் முழுவதும் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. எல்லாமே தேதியால் வீணானதில்லை, ஆனால் தேதிக் குழப்பத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இனி உயிருள்ளவற்றுக்கு வருவோம். பால் புளிப்பதும், சமைத்தது ஊசுவதும், மீன் நாறுவதும் நுண்ணுயிர்களின் வேலை. ஆனால் இந்த வேலையைச் செய்கிறவை பெரும்பாலும் நம்மை நோயில் தள்ளுகிறவை அல்ல. ஃபிரிட்ஜில் இருக்கும் பச்சை இறைச்சியின் மேல் பிசுபிசுப்பையும் நாற்றத்தையும் உண்டாக்குவது பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. பாலைப் புளிக்க வைப்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். இவை உணவைக் கெடுப்பவை. சால்மோனெல்லா, லிஸ்டீரியா, ஈ.கோலையின் சில வகைகள் போன்றவை நம் உடம்பைக் கெடுப்பவை. இரண்டும் வெவ்வேறு கூட்டம்.

உணவைக் கெடுக்கும் பாக்டீரியா ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கோடி என்ற அளவை எட்டும்போதுதான் வாடை நம் மூக்குக்கு எட்டும். ஆனால் ஈ.கோலை ஓ157 என்ற வகை நூற்றுக்கும் குறைவாக உள்ளே போனாலே நோய் வரலாம். நூறு பாக்டீரியாவுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது, சுவையும் கிடையாது. நமுத்தது, சிக்கு, புளித்தது, ஊசியது, பூசணம், அழுகல் என்று நம் மொழி சேர்த்து வைத்த சொற்கள் எல்லாம் கண்ணும் மூக்கும் நாக்கும் கண்டுபிடித்தவை. வாடையில்லாமல் நோய்க் கிருமி குடியேறிய உணவுக்கு அப்படி ஒரு தனிச்சொல் என் நினைவில் வரவில்லை. புலன்களுக்கு எட்டாததை வாய் எப்படிப் பெயரிடும்?

'மோந்து பார், நல்லா இருந்தா சாப்பிடு' என்ற அறிவுரை பாதிதான் சரி என்று நான் சொல்வது இதனால்தான். காய்ச்சும் பாலுக்கும் எண்ணெய்க்கும் பிஸ்கட்டுக்கும் மூக்கு போதும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துச் சூடாக்காமல் சாப்பிடும் உணவுக்குப் போதாது.

லிஸ்டீரியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நோய் தரும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடைவெளியில்தான் வேகமாகப் பெருகும். நல்ல சூழ்நிலையில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்றாக ஆரம்பித்தது ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். குளிரில் அந்தப் பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும், ஃபிரிட்ஜின் பயனே அதுதான். லிஸ்டீரியா விதிவிலக்கு. அது 4 டிகிரியிலும் மெதுவாக, ஆனால் நிற்காமல் வளரும். போட்டிக்கு வரும் மற்றவை குளிரில் சோர்ந்துவிடுவதால் அதற்கு வசதி கூடிவிடுகிறது. ஒவ்வொரு நாள் தாமதமும் அதற்கு ஆதாயம். சமைத்துக் குளிரூட்டிய இறைச்சி, புகையூட்டிய மீன், மென்மையான சீஸ் ஆகியவற்றில் 'யூஸ் பை' தேதியை மீறவே கூடாது என்று சொல்வதற்கு இது முக்கியக் காரணம். தென்னாப்பிரிக்காவில் 2017, 2018-இல் பதப்படுத்திய இறைச்சி வழியாக லிஸ்டீரியா பரவியபோது ஆயிரம் பேருக்கு மேல் நோயுற்றார்கள், 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இது உயிர்ப் பிரச்சினை. சாப்பிட்டுப் பல வாரங்கள் கழித்தும் நோய் தலைகாட்டும் என்பதால், எதைச் சாப்பிட்டதால் வந்தது என்று நினைவுபடுத்திப் பார்ப்பதும் கடினம்.

சூடாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். லிஸ்டீரியாவும் சால்மோனெல்லாவும் நன்றாகச் சூடாக்கினால் செத்துவிடும், உண்மைதான். ஆனால் சில பாக்டீரியாக்கள் சாவதற்கு முன்பே உணவில் நஞ்சைக் கக்கிவிடுகின்றன. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா நம் தோலிலும் மூக்கிலும் இருப்பது. அதன் நஞ்சு கொதிநீருக்கு அசையாது. சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் இன்னொன்று. அரிசியோடு வரும் அதன் வித்துகள், அதாவது சூட்டைத் தாங்கி உறங்கிக்கிடக்கும் வடிவம், சமைக்கும்போது சாவதில்லை. சோறு வெளியில் ஆறிக்கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அப்படியே இருக்கும். சமைத்த உணவு எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது என்பது எந்தப் பொட்டலத்திலும் அச்சாகாத தேதி. என்னைக் கேட்டால் அச்சான பல தேதிகளைவிட அது முக்கியமானது.

டின்னில் அடைத்த உணவு இதற்கு நேர் எதிர். நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர், உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து மூடிக் கொதிக்க வைத்தால் கெடாது என்று கண்டறிந்து 1810-இல் நூலாக வெளியிட்டார். ஏன் கெடுவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. நுண்ணுயிர்தான் காரணம் என்று விஞ்ஞானி லூயி பாஸ்டர் நிறுவ இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. இன்று அமிலம் குறைந்த உணவுகளை மூடிய டின்னிலேயே 121 டிகிரியில் மூன்று நிமிடத்துக்குச் சமமான அளவாவது சூடாக்குகிறார்கள். கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற மிகக் கொடிய நஞ்சைச் சுரக்கும் பாக்டீரியாவின் வித்துகளை அழிக்கத்தான் அத்தனை சூடு. அழிந்த பிறகு உள்ளே எதுவும் நுழைய வழியில்லை. 1865-இல் அமெரிக்காவின் மிசூரி ஆற்றில் மூழ்கிய பெர்ட்ரண்ட் என்ற நீராவிக் கப்பலை 1968-இல் தோண்டி எடுத்தார்கள். அதில் கிடைத்த அடைத்த உணவுகளை 1974-இல் வேதியியலாளர்கள் சோதித்தார்கள். நிறமும் மணமும் போயிருந்தன, சில வைட்டமின்கள் குறைந்திருந்தன. ஆனால் நுண்ணுயிர் வளர்ச்சி எதுவும் இல்லை. நூறு ஆண்டு தாண்டிய உணவு! ஆகவே தேதி தாண்டிய டின்னை எடுத்தால் தேதியைவிட டின்னைத்தான் பார்க்க வேண்டும். உப்பியிருந்தாலோ, கசிந்திருந்தாலோ, ஓரத்து மடிப்பு நசுங்கியிருந்தாலோ திறக்காமலே எறிந்துவிடுங்கள், ருசி பார்க்க வேண்டாம்.

பூசணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரொட்டியில் பச்சையாகத் தெரியும் புள்ளி அந்தப் பூஞ்சையின் பூ மாதிரி. வேர் போன்ற இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். புள்ளியைக் கிள்ளிவிட்டு மீதியைச் சாப்பிடுவதில் பொருளில்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தேடியபோது, தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு கிடைத்தது. இன்று அஃப்ளடாக்சின் என்று சொல்கிறோமே, அதுதான். கல்லீரல் புற்றுநோயைத் தூண்டக்கூடியது, சாதாரணச் சமையல் சூட்டுக்கு முழுதாக அழியாது. வேர்க்கடலையில் பூசண வாடை வந்தால் தேதி என்னவாக இருந்தாலும் வேண்டாம்.

குழந்தைகளுக்கான பால் பவுடரிலும் தேதியை ஒரு நாளும் தாண்டக் கூடாது. மூடியே இருந்தாலும் அதிலுள்ள ஊட்டச்சத்து நாளாக ஆகக் குறையும். வேறு உணவு எதுவும் சாப்பிடாத குழந்தைக்கு அந்தக் குறையை ஈடுகட்ட வழியில்லை.

மறுபடி என் ஃபிரிட்ஜுக்கு வருகிறேன். பொட்டலத்தில் போட்ட தேதி பிரிக்காத பொட்டலத்துக்கு உரியது, அதுவும் சொன்ன குளிரில் வைத்திருந்தால். பிரித்த நொடியில் காற்றும் கையும் கத்தியும் உள்ளே போகின்றன, அந்தக் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. என் இறைச்சிப் பொட்டலத்தின் பின்பக்கம் 'பிரித்த மூன்று நாளுக்குள் பயன்படுத்தவும்' என்று பொடி எழுத்தில் இருந்தது. பத்து நாளாக அதை நான் படிக்கவில்லை. எடுத்து எறிந்தேன். பிறகு குப்பைக்கூடையில் இருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்துப் பிரித்தேன். சிக்கு வாடை இல்லை. மொறுமொறுப்பு கொஞ்சமும் குறையவில்லை. இப்போது ஃபிரிட்ஜ் மேலே ஒரு பேனா இருக்கிறது. எதைப் பிரித்தாலும், பிரித்த தேதியை மூடியிலேயே எழுதி உள்ளே வைக்கிறேன்.