எம்.எஸ்.: தாக்குதல் நின்ற பிறகும் நடை தளர்வது ஏன்?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் பெரும்பாலும் திடீர்த் தாக்குதலாகத்தான் ஆரம்பிக்கிறது. ஒரு கண் மங்கும், இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், சில வாரங்களில் ஓரளவு சரியாகிவிடும். நோயாளிகளில் சுமார் 85 சதவீதம் பேருக்கு இப்படித்தான். ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்கள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ளே புகுந்து, நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை அரிக்கின்றன. அப்புறம் வீக்கம் வடிகிறது, உறையும் கொஞ்சம் மறுபடி வளர்கிறது.

காலப்போக்கில் ஆளை முடக்குவது இதற்கு அடியில் ஓடும் இன்னொரு தேய்மானம். ஆறிவிட்டதாகத் தோன்றும் பழைய புண்களில் சில நீறு பூத்த நெருப்பாகவே இருக்கின்றன. மூளையின் சொந்தக் காவல் அணுக்களான மைக்ரோகிளியா அவற்றின் விளிம்பில் இரும்பைச் சுமந்துகொண்டு கூடி நிற்கும். சிறப்பு எம்.ஆர்.ஐ. படத்தில் இது கறுப்பு வளையமாகத் தெரியும். அப்படிப்பட்ட புண் ஆண்டுக்கணக்கில் மெல்ல விரிகிறது. உறையை இழந்த நரம்பிழை செய்தியைக் கடத்த வழக்கத்தைவிட அதிக ஆற்றல் வேண்டும். அணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பழுதாகியிருப்பதால் அந்த ஆற்றல் கிடைப்பதில்லை, கடைசியில் இழையே அழிந்துபோகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் அழிந்த இழை திரும்ப முளைக்காது.

இந்தத் தேய்மானம் முதல் நாளிலிருந்தே நடக்கிறது என்றுதான் இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இளம் மூளை வேறு பாதைகளை வைத்துச் சமாளித்துவிடுகிறது. வயது ஏற ஏற அந்தக் கையிருப்பு தீர்ந்துபோகும். அதனால்தான் நாற்பதை ஒட்டிய வயதில் நடை தளர ஆரம்பிக்கிறது. முதலில் தாக்குதல்கள் வந்து, பிறகு மெல்ல மோசமாகும் நிலையை இரண்டாம் நிலை எம்.எஸ். என்கிறார்கள். 10 முதல் 15 சதவீதம் பேருக்குத் தாக்குதலே இல்லாமல் நேராகத் தளர்ச்சியில்தான் தொடங்கும். தாக்குதலாக வரும் வகை ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம், தாக்குதல் இல்லாத வகையிலோ இருபாலரும் ஏறத்தாழ சமம். சிறு வயதிலேயே நோய் வந்தவர்கள் இரண்டாம் நிலைக்குப் போகப் பெரியவர்களைவிடக் கூடுதல் ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் அங்கே போய்ச் சேரும்போது அவர்களுக்கு வயது குறைவு. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விவரம் இது.

மும்பை இந்த நோயின் வரலாற்றில் ஒரு முக்கியமான ஊர். மற்ற இந்தியர்களைவிட இங்குள்ள பார்சிகளிடம் எம்.எஸ். அதிகம் என்று நரம்பியல் நிபுணர் நோஷிர் வாடியா 1990ல் எழுதினார். ஒரே ஊர், ஒரே வெயில், ஆனால் மரபணு வேறு. மறுபக்கம், பிரிட்டனில் பிறந்த தெற்காசியப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய பெற்றோரைவிட ஆபத்து கூடுதல். அங்கே மாறியது சூழல். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு நோய் வேகமாக முற்றுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதை மரபணுவின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து கைக்கு வருவதும் தாமதமானால், அந்த இடைவெளியில் இழைகள் போய்விடுகின்றன.

அந்தத் தாமதத்தை நம் வீடுகளிலும் பார்க்கலாம். மும்பை மாட்டுங்காவில் இருக்கும் என் அத்தைக்கு வலது செருப்பின் நுனி மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் உரசி நடந்திருக்கிறார். ‘வயசாகுதுல்ல’ என்றார்கள், முதுகெலும்புத் தேய்மானம் என்றார்கள். மே மாத மதியத்தில் ஸ்டேஷன் மேம்பாலப் படி ஏறினால் கால் சுத்தமாக ஓடாது, ஃபேன் கீழே உட்கார்ந்தால் திரும்பிவிடும். உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே உறையிழந்த இழையில் செய்தி தடைபடும் என்பதால் வருவது இது. 1890ல் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைப் பதிவு செய்தார். முதுகுத் தேய்மானத்தில் சூடு ஏறுவதால் இப்படி நடக்காது.

நம் ஊரில் இன்னொரு கவனமும் தேவை. ஆசியர்களிடம் எம்.எஸ். என்று சொல்லப்பட்ட சில, என்.எம்.ஓ. (நியூரோமையலைடிஸ் ஆப்டிகா) என்ற வேறு நோய் என்பது 2004ல் அதற்குரிய எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) கிடைத்த பிறகு தெளிவானது. அதில் சேதம் தாக்குதலால்தான் வரும், இந்த மெதுவான தேய்மானம் அரிது. சில எம்.எஸ். மருந்துகள் அதை மோசமாக்கவும் செய்யும். இதே போன்ற அறிகுறிகளைத் தரும் வைட்டமின் பி12 குறைபாட்டையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

தாக்குதலே இல்லாத வகைக்கு அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்ற மருந்து ஓக்ரெலிசுமாப், 2017ல். அது ரத்தத்தில் உள்ள பி அணுக்கள் என்ற ஒரு வகை வெள்ளணுக்களைக் குறைக்கிறது, தேய்மானத்தைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது. மூளைக்குள் மைக்ரோகிளியா எரிப்பதை அதனால் அணைக்க முடிவதில்லை. அந்த அனுமதிக்கு வழிவகுத்த சோதனையில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கவும் இல்லை. அத்தைக்கு இப்போது வயது 58. பிசியோதெரபியும், பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டையும், வெயில் ஏறுமுன் வெளி வேலைகளை முடித்துவிடுவதும்தான் அவருடைய சிகிச்சை.