உப்புத் தண்ணீர் குடித்த கார்

என் முதல் காரை 75,000 ரூபாய்க்கு வாங்கினேன். 16 வயதான வண்டி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கம்பெனிப் பெயர் வேண்டாம். பின்னால் நடந்த எதிலும் அந்தக் கம்பெனியின் தப்பு ஒன்றுமில்லை. 15 ஆண்டு முடிந்து ஆர்சி புக்கை இன்னும் 5 ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தார்கள். டயர் சுமார், சீட் கவர் புதுசு, பாட்டுப் பெட்டி பிரமாதம். சாவியைக் கொடுக்கும்போது விற்றவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "தண்ணி மட்டும் அப்பப்ப ஊத்திக்கங்க தம்பி. வேற ஒண்ணும் பார்க்க வேண்டியதில்லை."

அக்கறையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். வாரம் ஒருமுறை வீட்டுப் போர் குழாயில் ஒரு லிட்டர் பிடித்து ஊற்றியும் வந்தேன். நாலு மாதம் ஓடியது.

அப்புறம் கொடைக்கானல் கிளம்பினோம். அப்பா, அம்மா, அக்கா, நான், ஆளுக்கொரு பை, ஏசி வேறு. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கி, டம்டம் பாறை வருவதற்குள் ஹீட் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் ரிசர்வ் டப்பா தளதளவென்று கொதிக்கிறது. "சோறு வடிச்சிரலாம் போலருக்கே" என்றார் அம்மா.

அம்மா சொன்னதில் மிகை அதிகம் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் கால் பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம். ஒரு பெரிய பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எஞ்சின் உலோகத்தில் இறங்கும். அந்தப் பங்கை மட்டும் வைத்து 30 டிகிரியில் இருக்கும் 35 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். மூன்று குடம் என்று வையுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இந்தக் கணக்கு.

சிலிண்டருக்குள் தீப்பிடிக்கும் கணத்தில் வாயு 2,000 டிகிரியைத் தாண்டுகிறது. தலைக்கு மேலே இருக்கும் சிலிண்டர் ஹெட்டோ அலுமினியக் கலவை. அலுமினியம் உருக 660 டிகிரி போதும். தீ ஒரு நொடிகூட நிலைத்து நிற்பதில்லை, உலோகத்துக்கு அந்தப்பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த இரண்டால்தான் ஹெட் பிழைக்கிறது. எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் வாட்டர் பம்ப் அந்தத் தண்ணீரைத் தள்ளுகிறது. எஞ்சினைச் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு மேல் ஓஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழல்களில் இறங்கி, காற்றிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு, கீழ் ஓஸ் வழியாகத் திரும்ப எஞ்சினுக்குப் போகிறது. வண்டி வேகமாக ஓடினால் எதிர்க்காற்றே போதும். மதுரைக் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது காற்றுக்கு எங்கே போவது? அங்கே விசிறி வேண்டும். பழைய அம்பாசடரில் விசிறியும் எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும். குறுக்குவாட்டில் எஞ்சின் வைத்த சின்ன கார்களில் அது மின்விசிறி. தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சூடானால் ஒரு சுவிட்ச் அதை ஓட்டிவிடும். மலை ஏறுவது இன்னும் மோசம். இரண்டாவது கியரில் எஞ்சின் கதறுகிறது, வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. சூடு அதிகம், காற்று குறைவு.

இத்தனையும் மூடிய வளையம். இதற்குள் இருக்கும் தண்ணீர் வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. சூட்டில் அது விரியும். மூன்று சதவீதம், அதாவது மூன்றரை லிட்டருக்கு ஒரு டீ கிளாஸ் அளவு. அந்த ஒரு கிளாஸ் ரிசர்வ் டப்பாவுக்குப் போகும், எஞ்சின் ஆறியதும் திரும்ப உள்ளே உறிஞ்சப்படும். நல்ல வண்டிக்கு வாரா வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்காது. "அப்பப்ப ஊத்திக்கங்க" என்றால் எங்கோ ஒழுகுகிறது அல்லது கொதித்துப் போகிறது என்று அர்த்தம்.

எனக்கு எங்கே போனது? செல்லூரில் எங்கள் மெக்கானிக் அண்ணன் முதலில் கையில் எடுத்தது ரேடியேட்டர் மூடியை. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் தகர மூடி. அடியில் ஸ்பிரிங், ரப்பர் வளையம். ரப்பர் மரத்துப்போய் வெடித்திருந்தது.

இந்த மூடியும் குக்கர் வெயிட்டும் ஒரே சாதி. பல கார் மூடிகள் வெளிக்காற்றுக்கு மேல் 0.9 பார் (கடல்மட்டக் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார்) அழுத்தம் சேரும்வரை திறக்காது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 118 டிகிரிவரை தாங்கும். வீட்டுக் குக்கரில் பருப்பு சீக்கிரம் வேவதும் இதனால்தான். கொதிக்காமல் இருப்பதில் என்ன லாபம்? கொதித்தால் உலோகத்தின் மேல் ஆவி ஒரு போர்வை மாதிரி நிற்கும். ஆவி சூட்டைக் கடத்துவதில் படு சோம்பேறி. பம்பாலும் ஆவியைத் தள்ள முடியாது.

இப்போது கொடைக்கானலை இதில் சேர்த்துப் பாருங்கள். ஊர் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். மேலே காற்று லேசு என்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி நன்றாக இருந்தால் அங்கேயும் 115 டிகிரிவரை கவலையில்லை. மூடி செத்துப்போன வண்டி திறந்த பாத்திரம்தான். எஞ்சின் சாதாரணமாக ஓடும் சூடே 90 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, மேலே போகப் போக அது கொதிக்காமல் என்ன செய்யும்? புது மூடிக்கு 200 ரூபாய்கூட ஆகவில்லை. பாட்டுப் பெட்டியைப் பார்த்து மயங்கிய நேரத்தில் இதைத் திருகிப் பார்த்திருக்கலாம்.

"மூடியோட முடியல தம்பி" என்றார் அண்ணன். மேல் ஓஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துழாவினார். தெர்மோஸ்டாட்டையே காணோம். யாரோ கழற்றி வீசியிருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பக்கம் இது பழைய கைவைத்தியம். "ஊரே நெருப்பா கொதிக்குது, எஞ்சினைச் சூடாக்க ஒரு சாமானா?" என்று கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் இருக்கும் சின்னக் கதவு. உள்ளே ஒரு பித்தளைக் குப்பி, அதற்குள் மெழுகு. 82 டிகிரி வாக்கில் மெழுகு உருகி விரிந்து ஒரு கம்பியைத் தள்ளும், கதவு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். மின்சாரம் வேண்டாம், மூளை வேண்டாம். 1930களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் உருவாக்கிய இந்த யோசனை இன்றும் அப்படியே ஓடுகிறது. எனக்கு மொத்தக் காரிலும் பிடித்த பாகம் இதுதான்.

அது இல்லாத எஞ்சின் சீக்கிரம் சூடேறாது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பெட்ரோல் ஈரமாகப் படிந்து எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அதோடு, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. சூடான எஞ்சின் அதை விரட்டிவிடும், அரைகுறைச் சூட்டில் கொஞ்சம் ஆயிலில் கலந்து சேறாகும். இதைவிட முக்கியமாக, மதுரைக்குள் சின்னச் சின்ன ஓட்டங்களில் முள் மேலே வராமல் இருந்ததால் ரேடியேட்டர் அடைத்துக்கிடந்தது நாலு மாதமும் எனக்குத் தெரியவே இல்லை.

அடைத்தது எது? நான் ஊற்றியதுதான். மதுரையில் தண்ணீர் இரண்டு சாதி: குழாயில் வரும் நல்ல தண்ணீர், போரில் வரும் உப்புத் தண்ணீர். வாட்டர் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுமே, அதே கதைதான் காருக்குள்ளும். உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானதும் உடைந்து சுண்ணாம்பாகப் படிகிறது. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். சுண்ணாம்பு தலைகீழ், சூடு ஏற ஏறக் கரைய மறுக்கும். அதனால் எங்கே உலோகம் அதிகம் சுடுகிறதோ அங்கேயே போய் ஒட்டும். எங்கே தண்ணீர் கட்டாயம் தேவையோ, சரியாக அந்த இடத்தில். சுண்ணாம்புப் படிவு அலுமினியத்தைவிட ஏறக்குறைய நூறு மடங்கு மோசமாகச் சூட்டைக் கடத்துகிறது. ஒரு மில்லிமீட்டர் படிவு போதும், பத்து சென்டிமீட்டர் அலுமினியச் சுவர் எழுப்பிய மாதிரி.

ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரம் வேறு வழி இல்லாவிட்டால் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம்வரை கரைந்த உப்பைப் பொறுத்துக்கொள்கிறது. என் போர் தண்ணீரில் அதில் பாதி என்று வைத்தாலும், வாரம் ஒரு லிட்டர் கணக்கில் ஆண்டுக்கு 52 கிராம். எல்லாமே படியாது, ஆனால் மெல்லிய குழல்களை அடைக்கக் கொஞ்சம் போதுமே. ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்துத் தட்டியபோது முட்டை ஓட்டுச் சில்லு மாதிரி உதிர்ந்தது. பாதிக் குழல்களில் வெளிச்சம் தெரியவில்லை.

ரேடியேட்டரில் தண்ணீரோடு கலந்து ஊற்றும் கூலன்ட் பற்றியும் நம் ஊரில் ஒரு தப்பெண்ணம் உண்டு: பனி உறைகிற ஊருக்குத்தான் அது என்று. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கலந்தால் உறைநிலை இறங்குவது உண்மை. மதுரையில் நமக்கு அதனால் பயனில்லை. உண்மையில் வெறும் தண்ணீர்தான் சூட்டை அதிகம் சுமக்கும். நமக்கு வேண்டியது கூலன்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்துகள், கொதிநிலையில் கூடும் சில டிகிரிகள், பிறகு சுண்ணாம்பு இல்லாத தண்ணீர். கெட்டியான கூலன்டாக இருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் கலக்க வேண்டும்.

மலையில் நான் செய்த ஒரே சரியான காரியம் மூடியைத் திறக்காதது. அதுவும் அப்பா கையைத் தட்டிவிட்டதால். மூடி அரைகுறையாக மட்டும் கெட்டிருந்து, உள்ளே அழுத்தத்தோடு 115 டிகிரியில் மூன்று லிட்டர் தண்ணீர் இருந்திருந்தால், திறந்த நொடியில் 80 கிராம் வாக்கில் ஆவியாக மாறும். கேட்க அற்பம். ஆனால் அது 130 லிட்டர் இடம் கேட்கும். முகத்துக்கு நேரே. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி, திரும்பி இறங்கினோம். ஹீட்டரை முழுசாகத் திறந்து வைத்தேன். அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். சித்திரை வெயிலில் ஹீட்டர் போட்டு மதுரைக்குள் நுழைந்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.

போன மாதம் அத்தை மகனுக்கு முதல் கார் பார்க்கத் திருமங்கலம் போனோம். காலையில் நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தேன். போய் பானெட்டில் கை வைத்தால் சுடுகிறது. சரி என்று டீ குடித்துவிட்டு, ஆறும்வரை இருந்து, மூடியைத் திறந்தேன். உள்ளே பச்சை நிறம், விளிம்புவரை. துருச் சிவப்பும் இல்லை, எண்ணெய் மிதப்பும் இல்லை. ஆயில் மூடிக்கு அடியில் டீ ஏடு மாதிரி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போனால் ஆயிலும் தண்ணீரும் கலந்து அப்படித்தான் தெரியும். மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டோம். முதலில் நாலைந்து குமிழி, பிறகு அடங்கிவிட்டது. விடாமல் குமிழி வந்திருந்தால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் கசிகிறது என்று கிளம்பியிருப்போம். மூடியைப் போட்டுவிட்டு மச்சானை மேல் ஓஸைப் பிடிக்கச் சொன்னேன். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம், ஓஸ் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. "என்ன மாப்ள, ஒண்ணும் ஆகலயே" என்றான். பத்தாவது நிமிடம் 'ஸ்ஸ்' என்று கையை உதறினான். உள்ளே மெழுகு உருகிவிட்டது.