'விட' மட்டும் போதாது

கும்பகோணத்தில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து டவுன் பஸ் பிடித்து வரும் பிள்ளைகள்தான் அதிகம். டால், டாலர், டாலஸ்ட் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் 'நேற்றைவிட இன்றைக்குக் களைப்பு' என்பதை ஆங்கிலத்தில் கேட்டால், 'ஐ ஆம் டயர்ட் தேன் எஸ்டர்டே' என்கிறார்கள்.

தமிழ்ப் பழக்கம்தான் காரணம். 'அவனைவிட உயரம்' என்றாலே நமக்கு ஒப்பீடு முடிந்துவிடும். 'உயரம்' என்ற சொல் மாறவே வேண்டாம். ஆங்கிலத்தில் 'தேன்' வந்தால் பாதிதான் ஆயிற்று.

சரி, மீதிப் பாதி? சின்னச் சொல்லுக்கு 'இ ஆர்' சேர்க்கணும் என்று படித்த ஞாபகத்தில் சிலர் 'போர்டர்', 'டயர்டர்' என்பார்கள். அந்த விதி இங்கே செல்லாது. டயர்ட், போர்ட் (சலித்துப்போன), போரிங், டேமேஜ்ட் எல்லாம் வினையிலிருந்து வந்த சொற்கள். 'களைத்த மாடு', 'அழுகிய நாற்று' என்று நாம் சொல்லும் பெயரெச்சம் மாதிரி. 'இ டி'யோ 'ஐ என் ஜி'யோ ஏற்கெனவே வாலாக ஒட்டியிருக்கிறது. அதனால் சொல் எவ்வளவு சின்னதானாலும் முன்னால் மோர், மோஸ்ட் போடுங்கள்: மோர் டயர்ட், மோர் போர்ட். ஐப்பசி மழையில் எந்த வயல் அதிகம் பாழானது என்றால், 'த மோஸ்ட் டேமேஜ்ட் ஃபீல்ட்'. அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் 'வின்னிங்கெஸ்ட்' என்று பார்க்கலாம். அது அபூர்வம், அதைப் பார்த்துப் பழக வேண்டாம்.

'வெல்' சேர்ந்த சொற்களில் அந்த 'வெல்'தான் மாறும். பிரபலமானது 'வெல் நோன்', கல்லணை நம் பக்கத்தில் 'த பெஸ்ட் நோன்' அணை. நல்ல சம்பளம் தரும் வேலை 'வெல் பெய்ட்', அதைவிட நல்ல சம்பளம் என்றால் 'பெட்டர் பெய்ட்'. 'மோஸ்ட் வெல் நோன்' என்றும் எழுதுகிறார்கள், தவறென்று சொல்ல மாட்டேன். 'பெஸ்ட் நோன்' கேட்க இயல்பாக இருக்கிறது.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறு. திருவிடைமருதூர் பக்கத்துப் பையன் ஒருவன் நேர்காணலில், 'ஐ ஆம் மோர் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்' என்று சொல்லிவிட்டு வந்தான். 'மோர்' சரியாகத்தான் போட்டிருந்தான். ஆனால் ஆர்வத்தைத் தூண்டுவது இன்ட்ரஸ்டிங். ஆர்வம் கொண்டவர் இன்ட்ரஸ்டெட். வேலையில் ஆர்வம் என்று சொல்ல நினைத்தவன், தானே சுவாரசியமானவன் என்று சொல்லிவிட்டான். அவன் ஆர்வம் பொய்யில்லை, அதுதான் மனதை உறுத்தியது. அப்புறம் ஒரு வாரம் முழுக்க வகுப்பில் இந்த ஒரு சோடியைத்தான் எல்லோரும் சொல்லிப் பழகினோம்: த ஜாப் இஸ் மோர் இன்ட்ரஸ்டிங், ஐ ஆம் மோர் இன்ட்ரஸ்டெட்.