ரப்பர் நாட்டுக்காரர்கள்

“ஓல்மெக் கல்தலைகளின் மூக்கையும் உதட்டையும் பார்த்தால் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் போலத் தெரிகிறதே?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். யூடியூப் உபயம்! ஓல்மெக் என்பவர்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு மெக்ஸிகோவில் வாழ்ந்து, பெரும் பாறைகளில் மனிதத் தலைகளைச் செதுக்கியவர்கள். அந்த முகச்சாடை அந்த வட்டாரப் பூர்வகுடிகளிடம் இன்றும் உண்டு. அவர்களின் ஊரான சான் லொரென்ஸோவில் தோண்டிய அடுக்குகளிலும் சாதாரணப் பானைகளில் தொடங்கி ஊர் மெல்ல வளர்ந்தது தெரிகிறது, யாரும் கப்பலில் கொண்டுவந்து இறக்கியதல்ல.

இடம், மெக்ஸிகோ வளைகுடாவின் தென்கரை. மழை கொட்டும், ஆறு ஆண்டுதோறும் கரை தாண்டும். தாண்டிய வெள்ளம் வேகம் இழந்ததும் கனமான வண்டலை ஆற்றோரத்திலேயே போட்டுவிடும்; மெல்லிய களி தூரத்துச் சதுப்பில் படியும். ஆகவே ஆற்றோரம்தான் மேடு, மக்காச்சோளம் செழிப்பதும் அங்கேதான். அந்த மேட்டைப் பிடித்த குடும்பங்கள் தலையெடுத்தன என்பது சான் லொரென்ஸோவைத் தோண்டிய தொல்லியலாளர் மைக்கேல் கோவின் வாதம். டூஸ்ட்லா மலையின் எரிமலைக் கல்லைக் கொண்டுவந்து தலை செதுக்கியதெல்லாம் பிறகு. இதுவரை கிடைத்த தலைகள் 17.

எனக்குத் தலைகளைவிடப் பந்துதான் பிடிக்கும். எல் மனாட்டி என்ற ஊற்றுச் சேற்றில் ரப்பர் பந்துகள் கிடைத்தன. மூத்தவை கி.மு. 1600 வாக்கில் செய்தவை. சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லாததால் மட்கவில்லை.

அந்தப் பந்துகளுக்குப் பால் தந்த மரம் காஸ்டில்லா எலாஸ்டிகா, நம் பலாவின் குடும்பம். சின்ன வயதில் பலாப்பாலைக் குச்சியில் சுற்றி உருட்டியிருக்கிறேன். சுவரில் எறிந்தால் அப்பிக்கொள்ளும், துள்ளாது. காஸ்டில்லா பாலும் ஈரத்தில் பிசுக்கு, காய்ந்தால் நொறுங்கும். அதனுள் இருப்பவை நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள், பிழிந்துவைத்த இடியாப்பம் மாதிரி. இழுத்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போய்விடும், திரும்பி வராது. இழைகளுக்கிடையே அங்கங்கே முடிச்சு விழுந்தால்தான் துள்ளல்.

அந்த முடிச்சுக்கு அவர்கள் பிடித்தது, இரவில் வெள்ளையாகப் பூக்கும் ஒரு கொடி. சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு நெருங்கிய சொந்தம். தண்டை நசுக்கிச் சாற்றைப் பாலில் விட்டுக் கலக்க வேண்டும். சாற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் சங்கிலிகளைப் பிணைக்கின்றன. பாலோடு கலந்திருந்த வேண்டாத பொருள்கள் நீரோடு பிரிந்துவிடுகின்றன. பத்து நிமிடத்தில் வெள்ளைத் திரள் மிதந்து வரும். இறுகுவதற்குள் உருட்டிவிட்டால் பந்து. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் சார்லஸ் குட்இயர் கந்தகமும் சூடும் சேர்த்து இதே பாதைக்கு வந்தது 1839இல்!

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டோரதி ஹாஸ்லர் குழு பாலையும் சாற்றையும் தாங்களே கலந்து பார்த்து 1999இல் வெளியிட்டது. வேற்றுக்கிரகவாசிக் கதைக்குப் பணம் கொட்டுகிறவர்கள் இப்படிப்பட்ட சமையலறை ஆராய்ச்சிக்கும் கொஞ்சம் கிள்ளிக் கொடுக்கலாம்.

பின்னால் மெக்ஸிகோவை ஆண்ட ஆஸ்டெக்குகள் அந்தக் கரையோரத்தாரை அழைத்த பெயர்தான் ஓல்மெக். ரப்பர் நாட்டுக்காரர்கள் என்று பொருள். ஹாஸ்லர் குழு பிற்பாடு விகிதத்தையும் மாற்றிப் பார்த்தது. பாலும் சாறும் சரிபாதி என்றால் நன்றாகத் துள்ளும் பந்து. மூன்று பங்கு பாலுக்கு ஒரு பங்கு சாறு என்றால் எளிதில் தேயாத செருப்பு.