கொட்டாங்குச்சிக்கு வெள்ளிப் பூண்

தேங்காயைத் துருவி முடித்ததும் கொட்டாங்குச்சியை அடுப்புக்கோ குப்பைக்கோ அனுப்பிவிடுகிறோம். 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதே கொட்டாங்குச்சிக்கு வெள்ளியில் விளிம்பும் பாதமும் கட்டி, தங்க முலாம் பூசி, அதில் மது குடித்தார்கள். தென்னை வளராத நாடு அது. இந்தியப் பெருங்கடல் பக்கமிருந்து பல கை மாறி வந்த காய் என்பதால் அவ்வளவு மவுசு. விஷத்தைக் காட்டிக்கொடுக்கும் என்றும் நம்பினார்கள்; அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜில் அப்படிப்பட்ட கோப்பைகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

என்னை வியக்க வைப்பது அந்த வெள்ளி வேலைதான். வெள்ளியோடு வெள்ளியை உறுதியாகப் பற்றவைக்க 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். கொட்டாங்குச்சி 300 டிகிரியைத் தொடுவதற்குள்ளேயே கருக ஆரம்பித்துவிடும். இஸ்திரிப் பெட்டிக்குக் கொட்டாங்குச்சிக் கரி போட்டுப் பழகிய நமக்கு அது தெரியாததல்ல. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதுபோல, காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்கலாமே என்று தோன்றும். கனமான மரச் சக்கரம் அதைத் தாங்கும், ஓடு தாங்காது. அப்படியானால் நெருப்பைக் காட்டாமல் பூணை எப்படிக் கட்டினார்கள்?

முதலில் வெள்ளியின் குணத்தைப் பார்க்க வேண்டும். இங்கே பயன்பட்டது ஸ்டெர்லிங் வெள்ளி. அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி ரொம்ப மெத்தென்று இருக்கும், பாத்திரத்துக்கு ஆகாது. உருவத்தில் சிறிய செம்பு அணுக்கள் இடையில் புகுந்து, வெள்ளி அணு அடுக்குகள் எளிதாக வழுக்க விடாமல் தடுக்கின்றன. இந்தத் தரத்தைக் காக்க 1300இல் முதலாம் எட்வர்டு மன்னர் காலத்தில் சட்டம் வந்தது. தேறிய வெள்ளிக்குச் சிறுத்தைத் தலை முத்திரை. பிற்பாடு லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்கே, அதாவது அவர்களுடைய 'ஹால்'லுக்கே, பொருளைக் கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்க வேண்டியதாயிற்று. நம் நகைக்கடைகளில் கேட்டு வாங்கும் 'ஹால்மார்க்' அங்கே பிறந்த சொல்தான்.

சரி, சுத்தியலுக்கு வருவோம். தகட்டைத் தட்டும்போது உள்ளே அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. வரிசைகளில் இருக்கும் பிசகுகள்தான் இந்த வழுக்கலை நடத்துகின்றன. தட்டத் தட்டப் பிசகுகள் பெருகி, சிக்கு விழுந்த நூல்போல ஒன்றையொன்று மறித்துக்கொள்கின்றன. தகடு விறைக்கிறது. அதற்கு மேலும் அடித்தால் விரிசல் விடும். உடனே உலையில் 600 டிகிரிக்குச் சற்று மேல் காய்ச்ச வேண்டும். உலோகம் நுண்ணிய படிக மணிகளால் ஆனது; சிக்கு விழுந்த பழைய மணிகளைத் தின்றுகொண்டு புதிய மணிகள் வளர, வெள்ளி மறுபடி இளகிய பதத்துக்கு வரும். சூட்டை அளக்கக் கண்தான் கருவி. மங்கலான சிவப்பு தெரிந்ததும் நிறுத்த வேண்டும். வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாது என்பதால், இந்த வேலைக்குப் பட்டறையை அரை இருட்டாக வைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் அசந்தால் தகடு உருகித் தொய்ந்துவிடும்.

இந்தச் சூட்டு வேலை எல்லாம் ஓடு பக்கத்திலேயே இல்லாமல் நடக்கும். விளிம்பு வளையத்தை ஓட்டின் அளவுக்கு வளைத்து, வெங்காரம் (போராக்ஸ்) தடவிப் பற்றவைத்து முடித்துவிடுவார்கள். பாதமும் தனியே தயாராகும். அப்புறம்தான் பூட்டும் வேலை. பாதத்திலிருந்து விளிம்புவரை மூன்று நான்கு வெள்ளிப் பட்டைகள் ஓட்டின் வளைவை ஒட்டி ஏறும். பட்டையின் நுனியில் கதவுக்கு இருப்பதுபோல ஒரு சின்னக் கீல். அதில் கம்பி ஊசியைச் செருகினால் விளிம்பும் பாதமும் ஓட்டை நடுவில் வைத்து நெரித்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு பொட்டு நெருப்பு வேண்டாம்.

பிடி இன்னும் இறுக, வளையத்தின் கீழ் ஓரத்தை இலை இலையாக வெட்டி விட்டிருப்பார்கள். மோதிரத்தில் கல் பதிப்பதுபோல, மழமழப்பான எஃகுக் கருவியால் அந்த இலைகளை ஓட்டின்மேல் அழுத்தித் தேய்த்துப் படியவைப்பார்கள். காய்ச்சிய வெள்ளி இளகியிருப்பதால் படியும். தேய்க்கும் அழுத்தத்தாலேயே விறைத்து அப்படியே நிற்கும். தகட்டை விரிசலுக்குத் தள்ளிய அதே குணம் இங்கே பிடிமானமாகிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இது.

ஓட்டில் விரிசல் விழுந்தால் ஊசிகளை உருவி, பட்டைகளைத் திறந்து, வேறு தேங்காய் ஓட்டை உள்ளே வைத்து மறுபடி ஊசியைச் செருகிவிடலாம்.