வெல்டிங்குக்கு முன் இன்ஜின் பேயை எதால் துடைத்தீர்கள்?

பழைய காரைப் புதுப்பிக்கக் கொண்டுவருபவர்கள் பெயின்ட்டின் நிறத்தைப் பற்றி நாள் கணக்கில் பேசுவார்கள். இன்ஜினை இறக்கிய பிறகு அந்த இடத்தை எதை வைத்துக் கழுவுவது என்று கேட்பவர் அபூர்வம். ஆளுக்கும் ஆபத்து, பெயின்ட்டுக்கும் கேடு வருவது அங்கேதான்.

பலருக்கு முதலில் கை போவது பெட்ரோல் பக்கம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து போய் எங்கோ இருக்கும் கிரைண்டர் பொறியைத் தேடிப் பிடிக்கும். இது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். பிசுக்கைப் போக்க அடிக்கும் ஸ்ப்ரேயான பிரேக் கிளீனர் விஷயம்தான் தெரிவதில்லை. கேனின் பின்னால் 'டெட்ராகுளோரோஎத்திலீன்' என்றோ 'டைகுளோரோமீத்தேன்' என்றோ இருந்தால், அது குளோரின் கலந்த வகை. அதைத் தெளித்த தகட்டில் வெல்டிங் வைத்தால், வெப்பத்திலும் ஆர்க்கின் புற ஊதாக் கதிரிலும் அது சிதைந்து பாஸ்ஜீன் உண்டாகலாம். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. சுவாசித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். 'காய்ந்துவிட்டது, பரவாயில்லை' என்பதை நான் ஏற்பதில்லை. மடிப்புகளுக்குள் ஈரம் தங்கும். வெல்டிங் வேலை இருக்கிற காருக்குப் பக்கத்தில் அந்தக் கேனே வேண்டாம்.

தண்ணீரில் கரையும் டிகிரீசர் போதும். கட்டியாக இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஊறவிட்டுக் கழுவுங்கள். எமரி பேப்பரைத் தொடுவது அதற்கப்புறம்தான். பிசுக்கோடு தேய்த்தால் அது கீறல்களுக்குள் போய் உட்கார்ந்து, பெயின்ட் அடித்ததும் சின்னச் சின்னக் குழிகளாகக் காட்டிக்கொடுக்கும். கடைசியாகக் கிரீஸ் ரிமூவரில் நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் துடைப்பது அழுக்கை இடம் மாற்றும் வேலை.

உலர்ந்த தூசியைக் காற்றடித்து ஊதுவதை நிறுத்துங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். கேஸ்கெட், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு) அட்டை, கிளட்ச் தூசி ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரப்படுத்தித் துடையுங்கள். துணி மாஸ்க் இதற்கு உதவாது. பி100 அல்லது பி3 வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். அட்டை உதிர்கிறது என்றால் நீங்கள் கை வைக்காமல், அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

பேட்டரி ட்ரேயில் துருவுக்கு அடியில் அமிலம் மிச்சமிருக்கும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கினதும் நிறுத்திவிடாமல், சுரண்டிவிட்டு மறுபடி ஊற்றிப் பாருங்கள். திரும்பப் பொங்கினால் வேலை முடியவில்லை. பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் வழிந்திருந்தால் சோப்புத் தண்ணீரிலேயே போய்விடும். டாட் 5 சிலிக்கோன் என்பதால் அப்படிப் போகாது, விடாமல் துடைக்க வேண்டும்.

ஃபயர்வாலில் சேஸிஸ் நம்பர் பொறித்திருந்தால் கிரைண்டர் அந்தப் பக்கமே போகக்கூடாது. வெறும் தகடு தெரிந்துவிட்டால் தள்ளிப்போடாமல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். ஆனால் எர்த் வயர் உட்காரும் இடங்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். அங்கே பெயின்ட் ஏறிப்போனால் மின்சாரம் சரியாகப் பாயாது; வண்டி ஸ்டார்ட் ஆகாத அன்று நல்ல பேட்டரியைத்தான் முதலில் மாற்றச் சொல்வார்கள்.